பிறகு நான் வீட்டை போனன்

டூட்டிங், லண்டன்
4.2.1990

அன்புள்ள அக்காவுக்கு,

என்ரை மூக்கைத் தவிர நான் முழுக்கச் சுகம். அது நவம்பர் தொடக்கம் ஒழுகிக்கொண்டு நிக்குது. நீங்கள், அத்தான், சிவமலர் மூண்டு பேரும் சுகமாயிருக்க வேணுமெண்டு விம்பிள்டன் பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் பேனையை எடுத்தனான்.

எனக்கு வேலை கிடைச்சிட்டுது அக்கா! ஒரு ஆசுப்பத்திரியின்ரை லோண்டரியிலை துணி மடிக்கிற வேலை. பிள்ளைப்பேற்று வார்டிலையிருந்து சின்னச் சின்னப் போர்வையளும் வரும். மற்றவை பெரிய விரிப்புகளை மடிக்க, நான் அந்தச் சின்னனுகளைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு விடமாட்டன். எட்டு வருசம் ஊர் மருத்துவிச்சியா இருந்தவளுக்கு அந்த மணம் விளங்காதே? நான் அறை எடுத்திருக்கிற வீட்டுக்காரி மரியநாயகி அக்கா மன்னார் ஆள். இஞ்சையிருந்து கதைச்சால் மன்னாரிலை கேக்கும், அப்பிடியொரு குரல். ஆனா மனம் தங்கம். கீழை தன்ரை கடையிலை பழுத்துப்போன கத்தரிக்காயை ஒருத்தரும் வாங்காட்டில் எனக்காக எடுத்து வைப்பா.

மற்றது, போன கிழமை இமிகிரேஷன் இன்ரவியூ நடந்தது. நெஞ்சிடிக்கப் போனால், மொழிபெயர்க்க வந்து இருக்கிறது ஆர் தெரியுமோ? எங்கடை ஊர்க் குலசேகரம் மாஸ்டர்! "எட பிள்ளை, நீ கமலாம்பிகையின்ரை தங்கச்சியெல்லே?" எண்டார். அலுவலர் வர முன்னம் ஐஞ்சு நிமிசத்துக்குள்ள ஊர்ப் புதினம் முழுக்கக் கேட்டு முடிச்சார். தன்ரை தங்கச்சியின்ரை மகன் கிங்ஸ்பரியிலை நல்ல உத்தியோகத்திலை இருக்கிறானாம், சிவமலரின்ரை சாதகக் குறிப்பை ஊரிலை தன்ரை தங்கச்சி வீட்டை குடுக்கச் சொல்லு எண்டார்.

பிறகு அலுவலர் வந்து அந்த நாளைப் பற்றிக் கேட்டார். பிரசவம் பாத்துப்போட்டுச் சைக்கிளிலை வந்தது, சந்தியிலை ஆமி மறிச்சது, பையைக் கொட்டினது எல்லாம் சொன்னன். "பிறகு என்ன நடந்தது?" எண்டு கேட்டார். மாஸ்டர் அதைத் தமிழிலை சொல்லிப்போட்டு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார். "பிறகு நான் வீட்டை போனன்" எண்டன். அவர் அதை அப்பிடியே இங்கிலீசிலை சொன்னார். அவ்வளவுதான்.

மறக்காமல் குறிப்பைக் குடுங்கோ. பொடியன் நல்லவனெண்டு மரியநாயகி அக்காவும் சொல்லுறா.

உங்கடை பாசத்துக்குரிய தங்கச்சி,
ஈசு


யாழ்ப்பாணம்
11.3.1990

என்ரை ஈசுவுக்கு,

நாங்கள் மூக்கு உட்படச் சுகம். நீ மல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சுக் குடி. ஈரத் தலையோடை வெளிக்கிடாதை. முப்பத்தொரு வயதாகியும் இதெல்லாம் சொல்லித்தர வேண்டிக் கிடக்கு.

குலசேகரம் மாஸ்டரே வந்தவர்! வாசிச்சுப்போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டன். எங்கடை ஆள் பக்கத்திலை இருக்கேக்கை உனக்கென்ன பயம்? குறிப்பை அடுத்த நாளே அவரின்ரை தங்கச்சி வீட்டை கொண்டுபோய்க் குடுத்தாச்சு. பத்துக்கு எட்டுப் பொருத்தமாம். சிவமலர் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியிறாள். இன்னும் படிக்கப்போறாளாம். இருபத்தொரு வயதிலை இனி என்னடி படிப்பு எண்டு கேட்டன்.

நீ சொன்ன மறுமொழி சரி, ஈசு. பொய்யுமில்லை. நீ வீட்டைதானே வந்தனீ. இடையிலை நடந்தது உனக்கும் எனக்கும் அத்தானுக்கும் மட்டும் தெரியும். அது எங்கடை கிணத்தடியோடை முடிஞ்சுது. முடிஞ்சதாவே இருக்கட்டும். ஒரு குமரை வைச்சிருக்கிற வீடு இது.

ஊருக்கு இன்னும் மருத்துவிச்சி மிஸி வரேல்லை. உன்ரை இடத்துக்கு ரெண்டு பெட்டையளுக்கு நியமனம் வந்ததாம். "மிஸியை ஆமி மறிச்ச றோட்டாலை எங்கடை பிள்ளையைத் தனிய விடமாட்டம்" எண்டு ரெண்டு வீட்டிலையும் மறிச்சுப்போட்டினம். அத்தான் அடுத்த நாள் போய்ப் பையோடை எடுத்து வந்த உன்ரை சைக்கிள் மாட்டுக்கொட்டிலுக்குள்ள சாக்கு மூடினபடி நிக்குது. றோஸ்மலர் ரெண்டாவதுக்கு உண்டாகியிருக்கிறாள். கடைசியா நீ கையிலை ஏந்தின பொடியன் அவளின்ரை மூத்தவன் தானே, அவன் இப்ப இடுப்பிலை இருந்துகொண்டு என்ரை சீலையைப் பிடிச்சு இழுக்கிறான். "மிஸி எப்ப வருவா?" எண்டு அவள் கேட்டாள். லண்டனிலை துணி மடிக்கிறா எண்டு எப்பிடிச் சொல்ல? சிரிச்சுப்போட்டு வந்திட்டன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அக்கா,
கமலாம்பிகை


டூட்டிங், லண்டன்
27.5.1990

அன்புள்ள அக்காவுக்கு,

மல்லித்தண்ணி வேலை செய்திட்டுது. மூக்கு நிண்டுபோச்சு. அங்கை எல்லாருக்கும் ஒரு தலையிடி காய்ச்சலும் வராமல் இருக்கட்டும்.

நல்ல செய்தி முதலிலை. லோண்டரியிலை என்னை மேற்பார்வைக்குப் போட்டிருக்கினம். ஆறு பேருக்கு நான் பெரியாள். அவையிலை ஒருத்திக்கும் சிவனேஸ்வரி எண்ட என்ரை பேர் வாயிலை வராது, "சிவா" எண்டு ஆம்பிளைப் பேராலை கூப்பிடுகினம்.

கெட்ட செய்தி, எனக்கு மறுத்துப்போட்டினம். நான் வீட்டை போனதா நானே சொல்லியிருக்கிறதாலை, திரும்பி ஊருக்குப் போறதிலை ஒரு ஆபத்துமில்லையாம். கடிதத்திலை என்ரை வசனத்தையே எடுத்து எழுதியிருக்கினம். ரெண்டு நாள் அழுதன். மூண்டாம் நாள் மரியநாயகி அக்கா பிடிச்சு இழுத்துக்கொண்டுபோய் கத்தரின் எண்ட லோயரிட்டை விட்டா. சின்னப் பெட்டை. பேனையைக் கொண்டையிலை குத்திப்போட்டு மேசையெல்லாம் தேடுவா. அவ அப்பீல் போட்டிருக்கிறா.

அவ ஒழுங்கு செய்த மொழிபெயர்ப்பாளர் ராஜலட்சுமி எண்ட மெட்ராஸ் மனுசி. "ஆமா, சொல்லுங்க, நான் சொல்றேன்" எண்டு கதைக்கிற ஆள். அவவுக்கு எங்கடை ஊரும் தெரியாது, எங்கடை ஆக்களையும் தெரியாது. அதாலை வாய் திறந்துது அக்கா. எல்லாத்தையும் சொன்னன். சந்திக்குப் பின்னாலை இருந்த அந்த வெறும் வீடு, அந்த மூண்டு பேர், எல்லாம். பிறகு ராஜலட்சுமி "சாப்டீங்களா?" எண்டு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அண்டைக்கு ரெண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு கனவுமில்லாமல் நித்திரை கொண்டன்.

இப்ப ஒண்டு கேக்க வேணும். முதலிலை ஏன் சொல்லேல்லை, இப்ப ஏன் சொல்லுறாய் எண்டு வழக்கிலை கேப்பினமாம். வேறை ஆராவது எழுதித் தந்தால்தான் நம்புவினமாம். என்னை அண்டைக்குக் கண்டது நீங்கள். என்னைக் குளிப்பாட்டினது நீங்கள். சீலையை எரிச்சது நீங்கள். நீங்கள்தான் எழுத வேணும். அலுமாரி மேல் தட்டிலை என்ரை நீல வேலைக் கொப்பி இருக்கு. கடைசிப் பதிவு றோஸ்மலரின்ரை பிரசவம், அண்டைக்குக் காலமை எழுதினது. அதுக்குப் பிறகு எல்லாம் வெறும் பக்கம். அதையும் அனுப்புங்கோ.

மாஸ்டரை வழக்குக்கு வைக்க வேண்டாமெண்டு கத்தரின் எழுதிக் கேப்பா. ஆனா ஒளிக்காமல் சொல்லுறன், டூட்டிங்கிலை தும்மினால் கிங்ஸ்பரியிலை கேக்கும். அதையும் யோசிச்சு முடிவெடுங்கோ.

உங்கடை
ஈசு


யாழ்ப்பாணம்
19.7.1990

அன்பான ஈசுவுக்கு,

நாங்கள் ஏதோ சுகம். திரும்பவும் சண்டை தொடங்கினது ரேடியோவிலை கேட்டிருப்பாய். மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, கடதாசியும் இல்லை. இது சிவமலரின்ரை பழைய சோதினைத்தாளின்ரை மற்றப் பக்கம். திருப்பிப் பாத்தால் அவள் கணக்கிலை எடுத்த புள்ளி தெரியும், நல்ல புள்ளி.

குண்டுக்குப் பதுங்க முற்றத்திலை பங்கர் வெட்டியிருக்கிறம். உன்ரை அத்தான் வெட்டேக்கை இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு விழுந்து, அதுக்குள்ளேயே மூண்டு மணித்தியாலம் கிடந்தார். கோழி ஆறு குஞ்சு பொரிச்சிருக்கு. அதுகளும் பங்கருக்குள்ளதான். மாப்பிள்ளையின்ரை தாய் நேற்று வந்து சிவமலரைப் பாத்தவ. தலைமயிர் வடிவெண்டு சொன்னவ. இவளும் அண்டைக்கெண்டு கொஞ்சம் சிரிச்ச முகமா நிண்டாள்.

உன்ரை கடிதம் கிடைச்சது. நீ கேட்டதை வாசிச்சன். கொப்பியைத் தேடிப் பாக்கிறன்.

மேற்பார்வைக்குப் போட்டது சந்தோசம். கண்ட கண்ட நேரத்திலை சாப்பிடாதை.

அக்கா


டூட்டிங், லண்டன்
30.9.1990

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு குஞ்சும் அத்தானின்ரை இடுப்பும் சுகமாயிருக்க வேணும். இஞ்சை நான் சுகம், நல்லாவும் இருக்கிறன்.

அதை நீங்கள் நம்பவேணும் அக்கா. ஷிப்ட் முடிஞ்சு தனிய நடந்து வாறன். ஒருத்தரும் மறிக்கேல்லை. முதல் மாதங்கள் ஒவ்வொரு சந்தியிலையும் கால் நிண்டுபோகும். இப்ப சந்தி வந்தால் தேத்தண்ணிக் கடை இருக்குதோ எண்டுதான் பாக்கிறன். ஞாயிற்றுக்கிழமையிலை மரியநாயகி அக்கா பூசைக்குப் போவா, நான் விம்பிள்டனுக்குப் போவன், பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து மீன்குழம்பு வைப்பம். கோயிலுக்குப் போன நாளிலை மீனோ எண்டு கத்தாதையுங்கோ.

போன கிழமை கோயிலிலை மாஸ்டரைக் கண்டன். நான் தூணுக்குப் பின்னாலை, கையிலை சுண்டல், மூச்சு விடாமல். சுண்டல் சூடு, கை வெந்துபோச்சு.

வழக்கு வாற வருசம் ஏப்ரல் 24. கொப்பியைத் தேடிறியளெண்டு எழுதினியள். அது மேல் தட்டிலை, இடப்பக்கம். நான் வைச்ச இடம் எனக்குத் தெரியும்.

உங்கடை
ஈசு


டூட்டிங், லண்டன்
2.12.1990

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமோ? உங்களிட்டையிருந்து கடிதம் வரேல்லை. பாதை பூட்டினதாலை வரேல்லையோ, நீங்கள் எழுதேல்லையோ எண்டு தெரியாமல் கிடக்கு. அங்கை எல்லாரும் உயிரோடை இருக்கிறியளெண்டு ஒரு வரி எழுதினாலும் காணும். மற்ற விசயத்தை எழுதாட்டிலும் பரவாயில்லை.

ஈசு


யாழ்ப்பாணம்
20.12.1990

ஈசுவுக்கு,

உயிரோடைதான் இருக்கிறம். உன்ரை ரெண்டு கடிதமும் ஒண்டா வந்துது, கொழும்பாலை வந்த ஒருத்தர் கொண்டந்து தந்தவர்.

கொப்பி மேல் தட்டிலைதான் இருக்கு, எனக்கும் தெரியும். நான் எழுதமாட்டன். என்னத்தை எழுதச் சொல்லுறாய்? உன்னை நான் எந்தக் கோலத்திலை கண்டனெண்டு ஒரு வெள்ளைக்காரனுக்கு எழுதவோ? அதை அங்கை ஒருத்தி தமிழிலையிருந்து மாத்த, நாலு பேர் வாசிக்க, அது மாஸ்டரின்ரை காதுக்குப் போக எத்தினை நாள் செல்லும்? தை பிறந்தால் நாள் வைக்கிறமெண்டு சொல்லியிருக்கினம். சின்னம்மாக்காரிக்கு இப்பிடி நடந்த வீட்டிலை பெண் எடுப்பினமோ? நீயே சொல்லு. நீ அங்கை தனி ஆள். தப்பியிட்டாய். நான் இஞ்சை ஒரு குமரோடை நிக்கிறன். உனக்கு அழத் தெரியுது, எனக்கு அழ நேரமில்லை.

றோஸ்மலரின்ரை பிள்ளை தப்பேல்லை. ஐப்பசியிலை. குறுக்காலை கிடந்திருக்கு. பாத்துச் சொல்ல ஒருத்தருமில்லை. வண்டில் பிடிச்சு ஆசுப்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. நான் செத்தவீட்டுக்குப் போனன். அவள் என்னைக் கண்டுபோட்டு "மிஸி இருந்திருந்தால் கையாலை தடவியே சொல்லியிருப்பா" எண்டாள்.

இதுக்கு மேலை எழுத ஏலாது.

அக்கா


டூட்டிங், லண்டன்
3.2.1991

என்ரை அன்பு அக்காவுக்கு,

நீங்கள் சுகமா இருங்கோ. கோவமாயிருந்தாலும் சுகமா இருங்கோ.

உங்கடை கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய், இடைவேளையிலை வாசிச்சன். றோஸ்மலரை நினைச்சுத்தான் அழுதன். ஏழாம் மாதத்திலையே தெரிஞ்சிருக்கும் அக்கா. வெளியிலையிருந்து கை வைச்சுத் திருப்பியும் விடலாம். நான் எத்தினையைத் திருப்பியிருக்கிறன்.

மற்ற விசயத்துக்கு வாறன். நீங்கள் சொன்னது நியாயம். நான் தூக்கின பிள்ளை சிவமலர். அவளின்ரை தாலியை விட்டுப்போட்டு எனக்கொரு விசா வேண்டாம். நான் சொன்னதை வழக்கிலை வைக்க வேண்டாமெண்டு கத்தரினிட்டைச் சொல்லப்போறன். அது இல்லாட்டில் வழக்கிலை தோப்பனெண்டு தெரியும். தோத்தால் அனுப்புவினம். அனுப்பினால் வாறன். அதே சந்தியாலை வாறன், வேறை பாதை இல்லையே. ஆனா கலியாணம் முடிஞ்சிருக்கும், அது காணும்.

கவலைப்படாதையுங்கோ. இந்த ஒரு வருசம் நான் சந்தோசமா இருந்தன். அதை ஆரும் திருப்பி எடுக்க ஏலாது. கலியாணத்துக்கு இஞ்சை டூட்டிங்கிலை ஒரு கூறைச் சீலை பாத்து வைச்சிருக்கிறன், மாம்பழ நிறம். மரியநாயகி அக்கா விலையைக் கேட்டுக் கடைக்காரனோடை சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கிறா.

உங்கடை
ஈசு


யாழ்ப்பாணம்
10.3.1991

என்ரை ராசாத்தி ஈசுவுக்கு,

சுகம் கேக்கிற முறையெல்லாம் பிறகு. முதலிலை கத்தரினிட்டை ஓடு. இதோடை ஒரு கடிதமும் உன்ரை நீலக் கொப்பியும் இருக்கு. கொழும்புக்குப் போற பாதிரியார் ஒருவரின்ரை கையிலை குடுத்து விடுறன். ஏப்ரலுக்கு முன்னம் வந்து சேர வேணுமெண்டு தெரிஞ்ச கடவுளையும் தெரியாத கடவுளையும் மண்டாடிக்கொண்டிருக்கிறன்.

நடந்தது இதுதான். உன்ரை கடிதத்தைக் கிணத்தடியிலை வைச்சு வாசிச்சுக்கொண்டு இருந்தன். "அதே சந்தியாலை வாறன்" எண்ட இடத்திலை கண் தெரியேல்லை. சிவமலர் வந்து கையிலையிருந்து பறிச்சு வாசிச்சாள். நான் பறிக்கப் போனன், விடேல்லை. வாசிச்சுப்போட்டு, "அண்டைக்கு மறைப்புக்கு இந்தப் பக்கம் நிண்டு வாளி வாளியாத் தண்ணி அள்ளித் தந்தது ஆரெண்டு நினைச்சியள் அம்மா? அப்பாவெண்டோ?" எண்டு கேட்டாள். ஈசு, நான் மூண்டு வருசமா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்! அந்தப் பிள்ளை எல்லாம் தெரிஞ்சுகொண்டு, ஒண்டும் தெரியாத மாதிரி நடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறாள். "சின்னம்மாவைத் திருப்பிக் கூப்பிட்டுப்போட்டுக் கட்டிற தாலி என்ரை கழுத்திலை நிக்காது" எண்டாள்.

அண்டைக்குப் பின்னேரமே மாப்பிள்ளையின்ரை தாய் வீட்டை போனன். ஊர் வாயாலை கேக்கிறதிலும் என்ரை வாயாலை கேக்கட்டும் எண்டு முழுக்கச் சொன்னன். நல்ல மனுசி, அழுதா, தேத்தண்ணி தந்தா. மூண்டாம் நாள் குறிப்பு திரும்பி வந்துது, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடை. பழத்தைச் சாப்பிட்டம். நல்ல கதலி.

என்னை மன்னிச்சுக்கொள். தப்பியிட்டாய் எண்டு எழுதின கையை அடிக்க வேணும்.

உன்ரை அக்கா,
கமலாம்பிகை


[இணைத்த கடிதம்]

மதிப்புக்குரிய நீதவான் ஐயாவுக்கு,

நான் சிவனேஸ்வரியின் மூத்த சகோதரி. எங்கள் பகுதிக்கு அவள்தான் மருத்துவமாது. 1988ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி காலையில் ஒரு பிரசவம் பார்த்தாள். அது கொப்பியில் இருக்கிறது. மத்தியானம் வருவதாகச் சொன்னவள் பின்னேரம் ஐந்து மணிக்கு நடந்து வந்தாள். சைக்கிள் இல்லை. காலில் செருப்பு இல்லை. சீலை கிழிந்து இரத்தமாக இருந்தது. சந்தியில் நின்ற ஆமிக்காரர் மூன்று பேர் தன்னை ஒரு வெறும் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கெடுத்ததாக என்னிடம் சொன்னாள். நான்தான் குளிக்க வார்த்தேன். உடம்பில் இருந்த காயங்களை என் கண்ணால் கண்டேன். ஒருவருக்கும் சொல்லாதே என்று சொன்னதும் நான்தான். உங்களிடம் முதலில் அவள் சொல்லாமல் விட்டது அவளுடைய பிழை இல்லை, என்னுடைய பிழை.

அவளுக்கு நடந்ததைத்தான் எழுதச் சொன்னார்கள். எங்களுக்கு நடந்ததையும் எழுதுகிறேன். அன்றிலிருந்து எங்கள் பகுதிக்கு மருத்துவமாது இல்லை. நியமனம் கிடைத்த இரண்டு பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பவில்லை. இந்த மூன்று வருடத்தில் எனக்குத் தெரிய நாலு குழந்தைகளும் ஒரு தாயும், பார்க்க ஆள் இல்லாமல் செத்தார்கள். பெண்பிள்ளைகளின் பின்னேர வகுப்பை நிற்பாட்டிவிட்டார்கள். என் மகள் கணக்கில் கெட்டிக்காரி. அவளை நானே மறித்தேன். வெங்காயம் கிண்ட விடிய வரும் பெண்கள் அந்தச் சந்தியைத் தாண்டி வருவதில்லை. இரண்டு போகம் நிலத்திலேயே அழுகியது. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டார் காணியை விற்றுப் பெண்பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். இரண்டு வீட்டார் பதினேழு வயதில் கட்டிக்கொடுத்தார்கள்.

சந்தியில் நின்ற அந்த மூன்று பேருக்கும் இதெல்லாம் தெரியாது. அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். நாங்கள்தான் இன்னும் அதோடு சீவிக்கிறோம். அவளைத் திருப்பி அனுப்பாதேயுங்கள்.

இப்படிக்கு,
கமலாம்பிகை


டூட்டிங், லண்டன்
19.5.1991

அன்புள்ள அக்கா, அத்தான், என்ரை செல்லம் சிவமலர்,

வெண்டிட்டம்! வழக்கிலை வெண்டிட்டம்! சுகம் விசாரிக்கிறதெல்லாம் அடுத்த பந்தியிலை.

பாதிரியாரின்ரை பொதி ஏப்ரல் 19 வந்துது. ராஜலட்சுமி இங்கிலீசிலை சொல்லக் கேட்டுப்போட்டு, கத்தரின் கொண்டையிலை இருந்த பேனை விழுந்ததும் தெரியாமல் இருந்தா. வழக்கிலை ராஜலட்சுமி உங்கடை கடிதத்தை இங்கிலீசிலை வாசிச்சா. வெங்காயம் வந்த இடத்திலை நிப்பாட்டி, தண்ணி குடிச்சுப்போட்டுத் திருப்பி வாசிச்சா. நீதவான் வயது போன மனுசன். கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாப் பிரட்டிப் பாத்தார், வெறும் பக்கங்களையும் அவசரப்படாமல் பிரட்டினார். பிறகு என்னட்டை அதே கேள்வியைக் கேட்டினம், "பிறகு என்ன நடந்தது?" எண்டு. இந்த முறை சொன்னன்.

நீங்களெல்லாம் சுகமோ? நான் அவ்வளவு சுகம்.

கூறை கடையிலையே கிடக்கட்டும், சிவமலருக்கு வேறை நாள் வரும். ஆனா ஒண்டு சொல்ல வேணும். போன ஞாயிறு கதவு தட்டினது குலசேகரம் மாஸ்டர். கையிலை ஒரு பை முருங்கைக்காய். அவரின்ரை தங்கச்சி எல்லாம் எழுதியிருக்கிறா. கதிரையிலை இருக்காமல் நிண்டபடியே, "பிள்ளை, குறிப்பைக் கேட்டுப்போட்டு அந்தக் கேள்வியைக் கேட்டன். உன்ரை வாயைக் கட்டினது நான்தான்" எண்டார். இப்பவெல்லாம் இன்ரவியூவுக்கு வாற பிள்ளையளிட்டை ஊர் பேர் கேக்கிறதில்லையாம். "என்னைத் தெரிஞ்சால், வேறை ஆளைக் கேளுங்கோ" எண்டு முதலே சொல்லிப்போடுவாராம். நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். முருங்கைக்காய் முத்தல். பரவாயில்லை எண்டு சமைச்சம்.

அடுத்த மாதம் தொடக்கம் என்னைப் பிள்ளைப்பேற்று வார்டிலை உதவியாளா எடுக்கினம். போர்வையோடை பிள்ளையும் கையிலை வரப்போகுது!

கொப்பியைத் திருப்பித் தந்திட்டினம். என்னட்டை வைச்சு என்ன செய்ய? அனுப்புறன்.

உங்கடை
ஈசு


யாழ்ப்பாணம்
14.2.1993

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன்ரை தைப்பொங்கல் கடிதமும் படமும் கிடைச்சுது. வெள்ளைச் சட்டையிலை நீ கொஞ்சம் கொழுத்திருக்கிறாய். திருஷ்டி கழிச்சுப்போட்டன். இஞ்சை எல்லாரும் நலம். உன்ரை அத்தானின்ரை இடுப்பு மட்டும் பங்கரை இன்னும் மறக்கேல்லை.

மருத்துவிச்சிப் படிப்பு முடிச்சு, உன்ரை இடத்துக்கே சிவமலருக்கு நியமனம் வந்ததெண்டு எழுதினேனெல்லே? நான் எவ்வளவு கத்தினன், எவ்வளவு அழுதன் எண்டது உனக்குத் தெரியும். அவள் அசையேல்லை. உன்ரை சைக்கிளை வெளியிலை எடுத்தாள். ரயரும் ரியூப்பும் இந்த ஊரிலை கண்ணாலை காண ஏலாது. சைக்கிள் திருத்திற செபமாலைமுத்து பழைய ரயரை வெட்டித் தைச்சு, "மிஸியின்ரை சைக்கிள், காசு வேண்டாம்" எண்டு திருத்திக் குடுத்தான்.

நேற்று முதல் பிரசவம். ஆருக்கெண்டு நினைக்கிறாய்? றோஸ்மலருக்கு. காலமை ஒன்பதுக்கு வந்து கூப்பிட்டினம். "மத்தியானம் வந்திடுவன் அம்மா" எண்டு சொல்லிப்போட்டு மிதிச்சாள். அண்டைக்கு நீ சொன்ன அதே சொல்லு, ஈசு.

பன்னிரண்டரைக்குப் படலையடிக்குப் போனன். ரெண்டு மணியாச்சு, காணேல்லை. மூண்டு மணியாச்சு. அந்தச் சந்தியிலை இப்ப ஆமி இல்லை, தெரியும். தெரிஞ்சென்ன, கால் நிக்கேல்லை. உன்ரை அத்தான் குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார், வெய்யிலுமில்லை, மழையுமில்லை. நாலு மணிக்கு மணிச் சத்தம் கேட்டுது. ஒழுங்கையாலை சைக்கிளை உருட்டிக்கொண்டு வாறாள், தைச்ச ரயர் பிய்ஞ்சு போச்சாம். மணியை மட்டும் விடாமல் அடிச்சுக்கொண்டு வாறாள், நான் பயந்துகொண்டு நிப்பனெண்டு தெரிஞ்சு. சைக்கிளோடை சேர்த்துக் கட்டிப் பிடிச்சன். உன்ரை அத்தான் திரும்பி நிண்டு குடையை விரிச்சுப் பாத்துக்கொண்டு நிண்டார்.

பொம்பிளைப் பிள்ளை. ஆறரை இறாத்தல். தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.

அரசாங்கம் குடுத்த புதுக் கொப்பி இருக்கு. அதிலை எழுதினாள். பிறகு நீ அனுப்பின நீலக் கொப்பியையும் எடுத்தாள். உன்ரை கடைசிப் பதிவுக்குக் கீழை, ஒரு வரியும் இடைவெளி விடாமல், திகதி, தாயின்ரை பேர், பிள்ளையின்ரை நிறை எல்லாம் எழுதினாள். அதுக்கும் கீழை இன்னொரு வரி எழுதியிருக்கிறாள். வேலைக் கொப்பியிலை அப்பிடியெல்லாம் எழுதப்படாதெண்டு நீதான் அவளுக்குச் சொல்ல வேணும். எனக்கு மனம் வரேல்லை.

"பிறகு நான் வீட்டை போனன்" எண்டு எழுதியிருக்கிறாள்.

அன்பு அக்கா,
கமலாம்பிகை